தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை

மேடத்தின் கழுத்தில் எப்போதும் இரண்டு பொருள்கள் தொங்கும். ஒன்று மெல்லிய சங்கிலியில் சிறிய சிலுவை. மற்றொன்று நீல நாடாவில் தீப்பெட்டி அளவுள்ள சாம்பல் நிறக் கருவி. அதன் பொத்தானை அழுத்தினால் சின்னக் கண்ணாடியில் சில எண்கள் தோன்றும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அதற்கு டோக்கன் என்று பெயர். அந்த எண்களை வங்கியின் இணையப் பக்கத்தில் தட்டினால்தான் நிறுவனத்தின் பணம் நகரும். சாப்பிடப் போகும்போதுகூட மேடம் அதைக் கழற்றமாட்டார். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் குனிந்து சாப்பிடும்போது அது ரசத்தில் விழாமல் இடது கையால் பிடித்துக்கொள்வார்.

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால் நீங்கள் "ஆபீஸ்" என்று மட்டும் சொல்கிறீர்கள். தப்பில்லை. நானே அதை ஒழுங்காக விளக்கியதில்லை. எங்கள் நிறுவனம் பல நாடுகளில் இருக்கிறது, தலைமை அலுவலகம் லண்டனில். மலேசியாவில் அதற்குப் பல கிளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வங்கிக் கணக்கு. சாயங்காலம் ஆனதும் எல்லாக் கணக்கிலும் மிஞ்சியிருக்கும் பணம் தானாக ஓடிவந்து ஒரே கணக்கில் சேரும். நம் ஃப்ளாட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எந்தக் குழாயை எவ்வளவு திறப்பது, எந்த நாட்டுக் காசை எப்போது வாங்குவது, மீதியை எங்கே வைப்பது என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவு. ட்ரெஷரி என்பார்கள். "பணம் எங்கயும் சும்மா தூங்கக்கூடாது தம்பி" என்பது மேடம் அடிக்கடி சொல்வது. அவர் செந்தூலில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், கணக்கியல் படித்துப் பிரிவின் தலைவியாக வந்தவர். நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்து, கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்து, பிறகு மேசைக்கு வந்தவன். யாருக்கு எவ்வளவு என்று கணினியில் பதிவதுதான் அப்போது என் வேலை. நான் பதிந்ததை இரண்டு பேர், ஆளுக்கொரு டோக்கனால், சரி என்று அழுத்தினால்தான் பணம் போகும். ஒருவர் மேடம். இன்னொருவர் மலாய்க்கார அக்கா ஒருவர். நாங்கள் அவரைக் காக் என்று கூப்பிடுவோம். இருவரில் ஒருவர் இல்லையென்றால் லண்டனில் இருக்கும் அதிகாரி அழுத்தலாம்.

மேடம் வருவதற்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு மலாய்க்காரர்கள் ஊருக்குப் போகும்போது டோக்கனையும் ரகசிய எண்ணையும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சீனப் புத்தாண்டுக்குச் சீனர்கள் கொடுப்பார்கள். தீபாவளிக்கு நம்மவர்கள் கொடுப்பார்கள். யாருக்கும் பெருநாள் கெடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். திருட்டு என்று எதுவும் நடந்ததில்லை. மேடம் வந்த முதல் மாதத்திலேயே அதை நிறுத்தினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. நம்மை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. கிள்ளான் கிடங்கில் வேலை செய்பவர்களுக்கு வெள்ளிக்கிழமையே சம்பளம் போட்டுவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அதைத் தவறவிட்டால் சனி, ஞாயிறு, பெருநாள் எல்லாம் கழிந்து செவ்வாய்க்கிழமைதான் பணம் போகும். உங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்தக் கிடங்கில்தான் இருந்தார். என் சம்பளமும் அதே பட்டியலில் இருந்தது. ஓவர்டைம் கணக்கு முடிந்து பட்டியல் எங்கள் கைக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. நான் பதிந்தேன். மேடம் அழுத்தினார். காக் சாப்பிட்டுவிட்டு வந்து அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவர் நிறைமாதக் கர்ப்பிணி, பிரசவ விடுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. சாப்பிடும் இடத்திலேயே வலி வந்து, அங்கிருந்தே கணவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். டோக்கன் மேசை இழுப்பறையில் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசிக்கு காக்கிடமிருந்து ஒரு செய்தி. "என் டோக்கனை எடுத்து அழுத்திக்கொள்ளுங்கள்" என்று மலாயில் எழுதி, ரகசிய எண்ணையும் அனுப்பியிருந்தார். பிரசவ அறையிலிருந்து! நான் ஓடிப்போய் மேடத்திடம் காட்டினேன். அதற்குள் பணியாளர் பிரிவு அதிகாரியும் வந்துவிட்டார், நம்மவர்தான். அவர் சொன்னார்:

"அவங்களே நம்பர் குடுத்துட்டாங்க மேடம். அழுத்துங்க லா. யாரு வந்து கேக்கப்போறா?"

மேடம் லண்டனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அந்த அதிகாரி ரயிலில் இருந்தார், கணினி அலுவலகத்தில் இருந்தது. போனை வைத்துவிட்டு மேடம் சொன்னார்: "இன்னிக்கு நான் சம்பளத்துக்கு அழுத்துவேன். நாளைக்கு வேற எவனோ வேற எதுக்கோ அழுத்துவான். மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"இது நம்ம ஆளுங்க பெருநாள் மேடம்."

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு."

நானும் வாயைத் திறந்தேன். "மேடம், என் மச்சான் அங்கதான் இருக்கான்."

"தெரியும் தம்பி. உன் மச்சானுக்காக நான் அழுத்தினா அது இன்னும் மோசம்."

டோக்கனை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகிறேன் என்று நான் சொன்னபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. "புள்ள பெத்துக்கப் போற பொம்பளைய எழுப்பி உக்காரவச்சு சம்பளக் கணக்கு பாக்கச் சொல்லுவியா?" லண்டன் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தபோது இங்கே வங்கியின் நேரம் முடிந்திருந்தது. ஒரு நாளில் எவ்வளவோ பணத்தை நாடு விட்டு நாடு அனுப்பும் அலுவலகம் அது. ஆனால் கையில் எடுத்துக் கொடுக்க அங்கே நோட்டாக எதுவும் இருந்ததில்லை. எல்லாம் திரையில் ஓடும் எண்கள்.

சனிக்கிழமை காலை மேடம் செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்தார். என்னை நிலையத்தில் காத்திருக்கச் சொல்லியிருந்தார். என் பழைய காரில் கூட்டிப்போனேன். லிட்டில் இந்தியாவில் கூட்டம் நெரிந்தது. புடவைக் கடை வாசல்களில் ஆட்கள் மைக் வைத்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். மேடம் கண்ணாடியை இறக்கவில்லை. கிடங்கில் ஷிப்ட் மாறும் நேரம். வாசலில் நின்று, வெளியே வந்தவர்களிடம் நேராகச் சொன்னார்: சம்பளம் செவ்வாய்க்கிழமைதான் வரும், காரணம் நான், அழுத்த வேண்டிய இன்னொருவர் பிரசவத்துக்குப் போய்விட்டார், மூன்றாவது ஆளை இங்கே வைக்காதது என் தவறு.

"புள்ள வந்துருச்சு, சம்பளம் வரலையா?" என்று பின்னால் ஒருவன் கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

"உங்களுக்கு என்னா மேடம், கிறிஸ்மஸ்க்கு கரெக்டா வந்துரும் லா." இதைச் சொன்னது உங்கள் மாமா. நான் தரையைப் பார்த்தேன்.

ஃபோர்க்லிப்ட் ஓட்டும் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, "செவ்வாய்க்கிழமை உறுதிதானே அக்கா?" என்று கேட்டார். "உறுதி அண்ணே" என்றார் மேடம். அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் போய் முடியும்வரை மேடம் வெயிலில் நின்றார்.

அந்தத் தீபாவளிப் படத்தில் நீங்கள் இருவரும் முந்தின வருஷத்து உடுப்பில் இருப்பீர்கள். பாவாடையின் மடிப்பை அம்மா பிரித்துவிட்ட கோடு நன்றாகத் தெரியும். மாமா வீட்டிலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை பணம் வந்தது. ஆனாலும் மாமா சில மாதங்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்யவில்லையாம். மேடம் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், இன்றைக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வராது. சரி என்று மனம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பாவாடைக் கோடு தெரிகிறது. தப்பு என்று நினைத்தால், பிற்பாடு வேறொரு நிறுவனத்தில் இரவல் டோக்கனால் பணம் காணாமல்போன கதை ஞாபகத்துக்கு வருகிறது. கொடுத்தவரும் நல்லவர்தானாம்.

பெருநாள் முடிந்ததும் மேடம் மூன்றாவது டோக்கன் கேட்டு லண்டனுக்கு எழுதினார். அது என் பெயரில் வந்தது. பதியும் வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. "என் படிப்பு அவங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டேன். "எழுதிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லலை, நீயும் சொல்லாத" என்றார்.

அடுத்த வருஷம், தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மேடம் விடுப்பு எடுத்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. பணியாளர் பிரிவு அதிகாரி கொதித்தார். கிடங்கில், "போன வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டாங்க இல்ல, பயந்துட்டாங்க" என்று பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளை பெற்றுத் திரும்பியிருந்த காக் முதலில் அழுத்தினார். நான் மொத்தத் தொகையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அழுத்தினேன். பணம் போய்விட்டது. சந்தோஷத்தில் மேடத்துக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். சாயங்காலமும் அப்படியே. பெருநாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தவர் சம்பளம் போனதா என்று கேட்கவே இல்லை. என் மேசைக்கு வந்து, "முறுக்கு எங்க தம்பி?" என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்தப் பெருநாளாக இருந்தாலும் அதற்கு முந்தின வேலைநாளில் அவர் வந்ததில்லை. தான் இல்லாமல் வேலை நிற்கிறதா, நடக்கிறதா என்று பார்க்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.

இப்போது டோக்கன் கிடையாது. கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும். முகத்தை யாரும் இரவல் தர முடியாது என்று காக் சிரிப்பார். காக்கும் நானும் மாற்றி மாற்றி அந்த வெள்ளிக்கிழமையில் விடுப்பு எடுக்கிறோம், எங்களுக்குப் பின்னால் இரண்டு இளையவர்கள் இருக்கிறார்கள். இந்த வருஷம் என் முறை. கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, அம்மா சொன்ன சாமான்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. அம்மாவின் போன் அடித்தது, கிடங்கிலிருந்து. மாமா. நான் எழுந்திருக்கவில்லை. உங்களில் ஒருவர்தான் ஓடிப்போய் எடுத்தீர்கள். அங்கே என்ன சொன்னாரோ, வீடே அதிரக் கத்தினீர்கள்:

"வந்துருச்சாம்ப்பா!"