பொடி போடாத உபதேசியாரின் ஓட்டம்

எங்கள் உபதேசியாருக்கு ஓட வராது. நாலு எட்டு வேகமாக வைத்தாலே நெஞ்சில் விசில் அடிக்கும். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டத்தைப் பற்றியே பேசுவார். கிறிஸ்தவ ஜீவியம் ஒரு பந்தயம், பாரத்தோடு ஓடுகிறவனுக்குக் கிரீடம் கிடையாது, பயிற்சி இல்லாதவன் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான் என்று நின்ற இடத்திலேயே கையை வீசி வீசிப் பேசுவார். பேசி முடித்ததும் இளைப்பு வந்து பெஞ்சியில் உட்கார்ந்துவிடுவார்.

சக்குபள்ளத்துப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் நாங்கள் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். பாஷையை வைத்து மாநிலங்களுக்குக் கோடு போடப் போகிறார்கள், நாம் எந்தப் பக்கம் விழுவோமோ என்று ஆண்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் கவலை வேறு.

நான் திடப்படுத்தல் பெறாதவள். பிஷப் தலைமேல் கைவைத்து ஜெபித்துச் சபையில் முழுதாகச் சேர்க்கிற சடங்கு அது. எங்கள் ஊர்க் கோயிலுக்கு பிஷப் முதல் தடவை வந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த தடவை வந்தபோது பொன்னுக்குவீங்கி. அதற்கடுத்த தடவை அவர் வருவதற்குள் எனக்குக் கல்யாணமாகி மலையேறிவிட்டேன். திடப்படுத்தல் இல்லாமல் நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, என் வீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய் முழங்காலில் நிற்பார். நான் பின்னால் மூக்கொழுகும் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன். கல்யாண வீட்டில் அவருக்கு மட்டும் இலை போட்டு, எனக்கு வாசலைக் காட்டின மாதிரி இருக்கும். திரும்பி வருகிற மனுஷன் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

"நீ முறைக்குத முறைப்புல அப்பம் தொண்டையிலயே நிக்கி," என்று ஒருநாள் வீட்டில் சொன்னார்.

"நிக்கட்டும். தண்ணி குடிங்க," என்றேன்.

விளையாட்டாகச் சொன்னேனே தவிர, எனக்கு அது பெரிய வேதனை. இந்த மனுஷனோடு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறேன், ஒரே கம்பளிக்குள் குளிர் காய்கிறேன், அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அவருக்கு யாரோ.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் பிஷப் எங்கள் தோட்டத்து ஜெபவீட்டுக்கே வருகிறார் என்று சேதி வந்தது. இதை விட்டால் இனி எத்தனை வருடம் கழித்தோ. உபதேசியார் எங்களில் திடப்படுத்தல் பெறாதவர்களையெல்லாம் கூட்டி, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முழுக்கப் பயிற்சி என்று அறிவித்தார். பெரும்பாலும் பெண்கள்தான். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை என்கிற பத்துக் கற்பனை, கேள்வி பதில் எல்லாம் மனப்பாடமாக வரவேண்டும். அதுவும் சும்மா உட்கார்ந்து சொன்னால் போதாது. லயத்திலிருந்து ஜெபவீட்டுக்கு ஏறும் மேட்டில் நிற்காமல் ஏறிக்கொண்டே சொல்லவேண்டும். மூச்சு வாங்கினாலும் வார்த்தை விடக்கூடாது. அவர் மேட்டின் உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் எந்த வளைவில் எந்தக் கற்பனையை முழுங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். களவு செய்யாதிருப்பாயாக என்ற இடத்தில்தான் மேடு செங்குத்தாக இருக்கும். அங்கே பாதிப்பேர் அதை விட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம்.

இதோடு, ஆளுக்கு ஒரு பாரத்தை இறக்கிவைக்கவேண்டும் என்றார். எது உங்களைப் பிடித்திருக்கிறதோ அதை விடவேண்டும். யோசிக்கவே தேவையில்லை, எல்லாருக்கும் புகையிலைதான். தோட்டத்துக் குளிருக்கும் ஈரத்துக்கும் வெற்றிலையோடு ஒரு துணுக்குப் புகையிலை அடக்கிக்கொண்டால்தான் பொழுது நகரும்.

"பொயிலை ஒரு துணுக்கு கையில இருக்குன்னு தெரிஞ்சாலும் சரி, அவங்க கோட்டுக்கு வெளிய. இந்தத் தடவை பிஷப்புக்கு முன்னால கூப்பிட மாட்டேன்," என்றார் உபதேசியார். சொல்லிக்கொண்டே மடியிலிருந்த பொடிமட்டையை எடுத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயா, நீங்க எதை விடப் போறிய?" என்றேன்.

இரண்டு விரலில் பொடியோடு அந்தக் கை மூக்குக்கும் மடிக்கும் நடுவில் நின்றது. அவர் காலையில் ஒரு சிட்டிகை போட்டால்தான் கண் திறப்பார், பிரசங்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எல்லாரும் அறிந்ததுதான். மெதுவாக எழுந்தார், வெளியே போனார், பொடிமட்டையை ஓடைப்பக்கம் வீசி எறிந்தார். எனக்கே பாவமாகிவிட்டது. கேட்டது கேட்டதுதான்.

பொடியில்லாத உபதேசியாரை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஜெபத்தின் நடுவில் கொட்டாவி விடுவார். ஈசாக்குக்குப் பதில் மோசேயைப் பலியிடக் கூட்டிக்கொண்டு போவார். அடிக்கடி ஓடைப்பக்கம் நடமாடினார். குனிந்து தண்ணீர் குடிக்கிறார் என்று சிலர் சொன்னார்கள், மட்டையைத் தேடுகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அக்காளுக்கு நாக்கு நீளம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் நெருங்கும்போது அவருக்கு மூக்கில் இரத்தம் வர ஆரம்பித்தது. வலதுபக்கம் மட்டும், சொட்டுச் சொட்டாக. பொடியை நிறுத்தியதால் மூக்கு அழுகிறது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நாங்களும் நம்பினோம். அத்தனை வருடம் பொடியில் ஊறிய மூக்கு, திடீரென்று பட்டினி போட்டால் சும்மா இருக்குமா? கொஞ்ச நாளில் அவருக்கு அதில் ஒரு பெருமையே வந்துவிட்டது. சிவப்புக் கறை படிந்த துண்டை எடுத்துக் காட்டி, "பந்தயம்னா சும்மாவா? மாம்சம் லேசில விடாது," என்பார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, எங்கள் மூக்கில் ஏன் வரவில்லை, நாம் சரியாக விடவில்லையோ என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்வோம்.

என் விஷயத்தையும் சொல்லவேண்டும். நான் புகையிலையை வாயில் போடவில்லை. அது சத்தியம். ஆனால் ஒரு துணுக்கை முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்தேன். களைவெட்டும்போது ஆசை தலைக்கேறினால் முடிச்சை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். எச்சில் குளம்போல் ஊறும். துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தானே அவனை முந்தமுடியும்? இது என் பயிற்சி. உபதேசியாரிடம் சொல்லி அனுமதி வாங்குகிற மாதிரியான பயிற்சி இல்லைதான்.

பிஷப் வருவதற்கு முந்தின நாள் மாலை கடைசி வகுப்பு. உபதேசியார் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். இரத்தம் போய்ப் போய் ஆள் பாதியாகிவிட்டார். ஒரு பக்க மூக்கு அடைத்து, மறுபக்கம் விசில் அடித்தது. நாளைக்கு இவர் எழுந்து நின்றால்தானே எங்களைக் கூப்பிடுவார் என்று எனக்குக் கவலை. தண்ணீர் கேட்டார். நான்தான் லோட்டாவில் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் லோட்டாவை வாயருகே கொண்டுபோனார். அப்போது வலது மூக்கிலிருந்து கறுப்பாக ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது. நீண்டது. தண்ணீரைத் தேடி அப்படியும் இப்படியும் தலையை ஆட்டியது. பிறகு உள்ளே போய்விட்டது.

"ஐயா, அது மாம்சம் இல்ல. அட்டை," என்றேன்.

ஓடையில் வாய்வைத்துக் குடிக்கிற மாடுகளுக்கு இப்படி மூக்கட்டை ஏறும். மலையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தினமும் காலில் அட்டையைப் பிடுங்கிப் போடுகிற நாங்கள் இத்தனை பேர், உபதேசியார் மூக்கில் இருப்பதை ஆவிக்கும் மாம்சத்துக்கும் நடக்கிற யுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா முந்தானையால் பிடித்து இழுக்கப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. அவருக்கு மூச்சுத் திணறியது, கண் செருகியது.

மாட்டுக்கு என்ன செய்வோம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். புகையிலையைக் கசக்கி மூக்கில் ஏற்றுவோம்.

எல்லாரும் கூரைத் தகரத்தைப் பார்த்தார்கள். குறைந்தது மூன்று முந்தானைகளில் முடிச்சு இருந்தது எனக்குத் தெரியும். என்னைப்போல மோந்து பார்க்க மட்டும் வைத்திருந்தார்களா என்பது அவரவர்க்கும் கர்த்தருக்கும் வெளிச்சம். நானும் கொஞ்ச நேரம் தகரத்தைப் பார்த்தேன். நாளைக்கு என் வீட்டுக்காரர் பக்கத்தில் முழங்காலில் நிற்கவேண்டும். அதற்காகத்தானே இத்தனை நாள் மேடேறி, வாய் ஊறி, நாக்கைக் கட்டினேன். ஆனால் அந்த மனுஷனின் நெஞ்சு விசில் அடிக்கிற சத்தத்தை எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பது? எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. முந்தானையை அவிழ்த்தேன்.

துணுக்கை உள்ளங்கையில் வைத்துத் தூளாகக் கசக்கி அவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பொடி போடமாட்டேன்னு பொருத்தனை பண்ணியிருக்கேனம்மா."

"இது பொடியில்ல ஐயா, மாட்டு மருந்து. இழுங்க."

இழுத்தார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வந்த தும்மலில் ஜன்னல் கதவு ஆடியது. அட்டை பறந்து வந்து பாயில் விழுந்தது. அக்கா கேள்வி பதில் புத்தகத்தாலேயே அதை அடித்தாள்.

உபதேசியார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் ஜெபிக்கும்போதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சமாதானத்தை நான் கண்டதில்லை. மெதுவாக ஒரு கையை மட்டும் நீட்டினார்.

"இன்னொண்ணு உள்ள இருந்தாலும் இருக்கும்," என்றார்.

இன்னொரு சிட்டிகை வைத்தேன். ஜெபவீடே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர் என் முந்தானை நுனியைப் பார்த்தார்.

"இது எங்கன இருந்தும்மா வந்துது?"

சிரிப்பு நின்றுவிட்டது. "என் முந்தியில இருந்துது ஐயா. திங்கல. மோந்து மட்டும் பாத்தேன்."

"நான் சொல்லியிருந்தேன்லா."

"சொல்லியிருந்திய."

அவர் தலையைக் குனிந்து கடைசி ஜெபத்தைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு நானும் உன்கூடப் பின்னாலயே இருந்துக்கிடட்டா?" என்றார். "ஒண்ணும் வேண்டாம், போய்த் தின்னுங்க," என்று எரிந்து விழுந்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அழுதிருக்கமாட்டேன்.

மறுநாள் பிஷப் ஜீப்பில் வந்தார். நானும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். இதற்கென்றே தைத்த ரவிக்கையை என்ன செய்வது? உபதேசியார் முன்னால் நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். காகிதம் ஏதும் வைத்துக்கொள்ளமாட்டார். லயத்தில் பிறந்த பிள்ளைகள் பேர், பிறந்த கிழமை எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மூன்று முந்தானைகளும் அவிழாத முடிச்சோடு பவ்வியமாக முன்னால் போய் நின்றன. அக்கா போனாள். எல்லாரும் போய்விட்டார்கள். பெஞ்சியில் நான் மட்டும் இருந்தேன்.

"இவ்வளவு பேர்தானா?" என்று பிஷப் கேட்டார்.

உபதேசியார் பதில் சொல்ல வாயைத் திறந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். காதுவரை சிவந்துவிட்டது அவருக்கு.

"ஒரு பிள்ளையக் கூப்பிட மறந்துபோனேன் ஐயா," என்றார். என் பேரைச் சொன்னார்.

வேதத்திலுள்ள சங்கீதங்களை முதலிலிருந்து கடைசிவரை புத்தகமில்லாமல் சொல்கிற மனுஷன், மறந்துபோனாராம். ஜெபவீட்டில் பிஷப் ஒருவரைத் தவிர யாரும் அதை நம்பவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போய் முழங்காலில் நின்றேன். பிஷப்பின் கை என் தலைமேல் இருந்தபோது நான் அழுதது பக்தியினால் என்று அவர் நினைத்திருப்பார். அன்று நற்கருணையில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றேன். அவர் முழங்கை என் முழங்கையில் இடித்தது. நகர்த்திக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டேன். "மறந்துபோனேன்னு சொன்னியளே ஐயா."

"வயசாகுதும்மா," என்றார்.

நாற்பதுகூட ஆகாத மனுஷன். ஒரே நாளில் இரண்டு பொய். நான் வாயில் போட்டேனா, மோந்து பார்த்ததோடு நிறுத்தினேனா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வாய்ச் சொல்லை அப்படியே நம்பி, அதற்காகப் பிஷப்பின் முகத்துக்கு நேரே, பீடத்துக்கு முன்னால் பொய் சொன்னார்.

புகையிலை வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் வாய் ஊறுகிறது. அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அந்தப் பொய்க்கு நான்தான் ஜாமீன்.