கிழிந்த சுவரொட்டி

தாந்தா நகரத்துச் சந்தில் ஈரல், குடல், சுவரொட்டி எனும் மண்ணீரல் விற்கும் இன்ஸாஃபுக்கு வாய் நீளம், கை அதைவிட வேகம். மாட்டுச் சுவரொட்டியில் பை போல ஒரு கீறல் போடுவாள், உள்ளே பூண்டு, கொத்தமல்லி, மிளகாய், பிறகு அடுப்பு. வரும்போதே கிழிந்திருந்தால் மசாலா நிற்காது, அது பூனைக்கு. கடை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் அவள் சட்டம்.

ஒரு வருஷம் தொண்டை வலியோடு ஒரு காய்ச்சல் வந்து அவளைப் படுக்கப் போட்டது. தேறிக் கடைக்கு வந்தவள், பூண்டு இடிக்கும்போது ஒரு தும்மல் தும்மினாள். இடது விலாவுக்குக் கீழே சுரீரென்றது. வலி தோளுக்கு ஏறியது. பூண்டு இடித்ததால்தான் என்று நினைத்தாள். உலக்கையை வைப்பதற்குள் கண் இருட்டியது. கணவன் ஷஹாத்தா பதறிப்போய் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஷெரீன் கட்டிலருகே வந்தார்.

"அக்கா, மண்ணீரல் கிழிஞ்சு உள்ள ரத்தம் கசியுது. எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லையே."

"யாராவது அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க." டாக்டரின் பார்வை ஷஹாத்தாமேல் போனது. அவன் முகம் செத்துவிட்டது.

"இவனா? கொசு அடிக்கவே என்னைக் கூப்பிடுற ஆளு டாக்டரம்மா இவன்!" சிரித்தாள். சிரித்ததும் வலியில் உயிர் போயிற்று.

காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல் தானாகவே கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். "தொடை இடுக்குல சின்னத் துளை போட்டு, மெல்லிசான குழாய் விட்டு, மண்ணீரலுக்குப் போற பெரிய ரத்தக்குழாயைச் சுருள் கம்பியால அடைச்சிடுவோம். வயித்தைக் கிழிக்க வேணாம்."

"அடைச்சுட்டு?"

"மண்ணீரல் அங்கேயே இருக்கும்."

"ரத்தம் போகாத சுவரொட்டி பொழுது சாயறதுக்குள்ள நாறிடும். வெட்டி எடுத்துக் கடாசுங்க. இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"சரின்னு சொல்லுடி," என்று ஷஹாத்தா அழுதான்.

"நீ சும்மா இரு. தினமும் அதை மோந்து பாக்குறது நீயா, நானா?"

வீம்பு பேசினாலும், அழுகும் ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு சாகப்போகிறோம் என்று நிஜமாகவே பயந்தாள். ரத்த அழுத்தமோ இறங்கிக்கொண்டே இருந்தது.

"வெட்டியும் எடுக்கலாம்," என்றார் டாக்டர். "ஆனா கிருமியை வடிக்கிற உறுப்பு அது. காப்பாத்த முடியறப்ப ஏன் விடணும்? நீங்க சுவரொட்டியை இரைப்பையிலேர்ந்து எப்படிப் பிரிப்பீங்க?"

"கொழுப்புச் சவ்வைப் பிச்சு."

"பிச்சா?"

"கையெல்லாம் ரத்தமாகும். நூல் நூலா குழாய் இருக்கும்ல..." இன்ஸாஃப் பாதியில் நிறுத்தினாள்.

"அந்த நூலை நாங்க தொட மாட்டோம். பெரிய குழாய்ல வர்ற வேகத்தை மட்டும் நிறுத்துவோம். உங்க மண்ணீரல் பொழைக்க அந்த நூல்ல வர்ற ரத்தம் போதும்."

தினமும் பிய்த்து எறிந்த சவ்வு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அழுகுச்சுன்னா உங்க வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன்."

"வாங்க, டீ போட்டுத் தரேன்."

சிகிச்சை மேசையில் விழித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி உள்ளே போய்ச் சுருண்டது. திரையில் கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்த ரத்தம், குழாயைத் திருகி மூடியது போல நின்றது.

வார்டில் தினமும் காலையில் ஷஹாத்தாவுக்கு ஒரே வேலை.

"மோந்து பாரு. நாத்தம் அடிக்குதா?"

"பூண்டுதான் அடிக்குது. அது கல்யாணத்தன்னிக்கே அடிச்சுது."

அடுத்த ஸ்கேனில் மண்ணீரல் உயிரோடு இருந்தது. கிழிசல் ஆறத் தொடங்கியிருந்தது. வார்டே திரும்பிப் பார்க்க அவள் விக்கி விக்கி அழுதாள்.

கடை மறுபடி திறந்ததும் வந்த சரக்கில் ஒன்று கிழிந்திருந்தது. ஷஹாத்தா வழக்கம்போல அதைப் பூனைப் பக்கம் எறியக் கையை ஓங்கினான்.

"குடு இங்க."

ஊசியில் நூல் கோத்துக் கிழிசலைப் பொறுமையாகத் தைத்தாள். மசாலா அடைத்து அடுப்பில் வைத்தாள். பூனை வாசலில் உட்கார்ந்து கத்தியது.

"யாருக்குடி இது?"

"உனக்குத்தான். ஒரு துளி பூண்டு வெளிய வந்திருக்கா பாரு," என்றாள். அவளுடைய இடது கை விலாவின்மேல் இருந்தது.