அம்மனின் இடது தோள்

உதட்டில் நாலு குண்டூசி இருந்தால்தான் தையல்காரம்மாவுக்குப் பேச்சே வரும். "மூச்சை விடு. வயித்தை எக்கிப் பிடிச்சு அளவு குடுத்துட்டு, அப்புறம் ரவிக்கை பிடிக்குதுன்னு என்கிட்ட சண்டைக்கு வராதே" என்று ஊசிகளுக்கு நடுவிலேயே வைவார். டேப்பின் முதல் அங்குலம் தேய்ந்து போனதால் இரண்டாவதிலிருந்து அளப்பார். கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

வயிற்றை எக்காமல் அளவு கொடுக்கிற வாடிக்கை அவருக்கு ஒருத்திதான், பக்கத்துக் கோயில் அம்மன். அர்ச்சகர் கருவறைக்குள் இரண்டு தோளிலிருந்தும் தரை வரை அளந்து குரல் கொடுப்பார். வாசலில் நின்று இவர் குறித்துக்கொள்வார். வருஷத்துக்கு ஒரு தடவை புது அளவு, அம்மன் அங்கிக்குப் பழுப்புக் காகிதத்தில் புது வெட்டு, மூலையில் தேதி. முப்பத்தொரு வருஷமாக எல்லாத் தாளிலும் இடது பக்கம் இரண்டு விரற்கடை குட்டை. அம்மன் அந்தப் பக்கம் சாய்ந்தல்லவா நிற்கிறாள்? புகுந்த வீட்டில் அழுது அழுது குரலே போன ஒருத்தி, இடது தூணோரம் நின்று உதட்டை மட்டும் அசைத்தாளாம். அதைக் கேட்கக் கல்லே குனிந்ததாம். அன்றிலிருந்து வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் பெண்கள் அந்தத் தூணோரம்தான் சொல்கிறார்கள். புருஷன் தவறிய வருஷம் தையல்காரம்மாவும் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் கோயிலைச் சோதிக்க வந்த பொறியாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அஸ்திவாரம் இறங்குகிறதாம், சாய்வு வருஷா வருஷம் கூடுகிறதாம், சிலையைப் பெயர்த்து நிமிர்த்தி வைக்க வேண்டுமாம். நிர்வாகக் குழுவும் தலையாட்டிவிட்டது. தையல்காரம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"அவ நிமிந்து நின்னுட்டா, அப்புறம் அவ யாரோ நாம யாரோ" என்று தையல் மெஷினிடம் புலம்பினார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து காகிதக் கட்டை இறக்கினார்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தலைவர், "இது டெக்னிக்கல் விஷயம்மா, நீங்க எதுக்கு..." என்று இழுத்தார்.

"துணி வெட்டறதும் டெக்னிக்கல்தாங்க. சாய்வு கூடுதுன்னா, இடது பக்கம் வருஷா வருஷம் குட்டையாகிட்டே வந்திருக்கணுமா இல்லையா? நீங்களே பாருங்க."

முப்பத்தொரு தாளையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். விளிம்போடு விளிம்பு அச்சாகப் பொருந்தியது. பொறியாளர் மண்டியிட்டுத் தேதிகளைப் பார்த்தார். அடித்தாளையும் மேல்தாளையும் தன் அளவுகோலால் மூன்று தடவை அளந்தார்.

"ஒரு நூல்கூட நகரலை. ஒரே ஒரு நாள் பார்த்துட்டு கூடுதுன்னு எழுதினது என் தப்பு. அம்மன் இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார். நல்ல மனுஷன், மழுப்பவில்லை.

வாசலில் காத்திருந்த பெண்கள் போட்ட கூச்சலில் தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். தையல்காரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார், கண்ணில் தண்ணீரும் கொட்டியது.

அங்கேயே அறிக்கையைத் திருத்திக் கையெழுத்துப் போட்ட பொறியாளர், தாளை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். "அளவைக் குறிச்சு வச்சவங்க கையெழுத்தும் வேணும்மா."

தையல்காரம்மா விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டார். தலைப்பெழுத்தோடு தன் முழுப் பெயரையும், பொறியாளருடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதினார்.