தனபால் பரணுக்கு ரெய்லிங் போட்ட கதை

வெல்டிங் பட்டறைக்கு வருகிற எவரும் முதலில் கேட்பது கிலோ என்ன விலை என்றுதான். அந்தக் கம்பி யாரைக் காப்பாற்றப் போகிறது என்று கேட்டவர் எவரும் இல்லை. இரும்போடு மல்லுக்கட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட அன்பர்களே, உங்கள் ஊரிலும் இதே லட்சணம்தான் இருக்கும். ஆரணியில் நான் பட்ட அவஸ்தைகளில், ஒரே ஒரு பரணுக்கு ரெய்லிங் போட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உட்கார்ந்தவர்களின் உயரம்

தனபால் பட்டு நூல் முறுக்கும் பட்டறை வைத்திருந்தார். கீழே மிஷின்கள். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பரண். அதில் மேரி என்கிற அம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து நூல் சுற்றுவார்கள். பரணின் விளிம்பில் ஒரு கயிறுகூடக் கிடையாது. சோதனைக்கு வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார். மூன்றரை அடி உயரத்தில் ரெய்லிங், நடுவில் ஒரு கம்பி, கால் வழுக்காமல் அடியில் ஒரு தகடு, இந்த மூன்றும் இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் டேப்பை இழுத்து மூன்றரை அடியைக் காட்டியதும் தனபாலின் முகம் சுருங்கியது. முட்டி உயரம் போதாதா என்று கேட்டார். மேலேயிருந்து மேரி எட்டிப் பார்த்து, "நூல் சிக்கு விழுந்தா உக்காந்துகினு பிரிக்க முடியாதுண்ணா. ஒரு முனைய ஆணியில மாட்டிட்டு, இன்னொரு முனைய இழுத்துகினே பின்னாடி நடப்போம்" என்றார். கண்ணெல்லாம் நூல் மேல், கால் பின்பக்கமாக விளிம்பை நோக்கி. இதற்குத்தான் மூன்றரை அடி என்று டேப்பை மறுபடி இழுத்துக் காட்டினேன். தனபால் அசரவில்லை. "எப்பவோ ஒரு வாட்டி சிக்கு விழும் மேஸ்திரி. மத்த நேரமெல்லாம் உக்காந்துகினுதானே இருக்காங்க? உக்காந்திருக்கவங்களுக்கு நிக்கிற உயரம் எதுக்குங்க?"

கட்டில் வைத்தியம்

பைப்புக்கு நான் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் போனவர், சில நாள் கழித்து ஒரு தள்ளுவண்டி நிறைய பழைய இரும்புக் கட்டில்களோடு வந்து நின்றார். எங்கேயோ ஒரு லாட்ஜை மூடியபோது சல்லிசாகக் கிடைத்ததாம். தலைமாட்டுச் சட்டங்களை மட்டும் அறுத்து, வரிசையாக நிறுத்திப் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஒன்றைப் பிடித்து உலுக்கினேன். துரு பொலபொலவென்று கொட்டியது. இதில் ஒரு ஆள் சாய்ந்தால் ஆளும் கட்டிலும் சேர்ந்தேதான் கீழே வரும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கட்டில்ல சாஞ்சு எவனாவது செத்திருக்கானா? சொல்லுங்க பாப்போம்!"

வாடகை ரெய்லிங்

அதிகாரி மறுபடி வரும் நாள் நெருங்கியது. அப்போது என் பட்டறையில் ஒரு பள்ளிக்கூட மாடிக்கான ரெய்லிங் தயாராகி நின்றுகொண்டிருந்தது. தனபால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், தடவிக்கூடப் பார்த்தார். மனுஷன் திருந்திவிட்டான் என்று நானும் ஏமாந்தேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் இதைக் கொடு, பரணில் கட்டிவைத்துவிட்டுச் சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்று. முடியாது என்றதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "கல்யாணத்துக்கு அண்டா குண்டான்லாம் வாடகைக்குத் தரான். நீ ஒரு கம்பியத் தர மாட்டேன்ற! சரியான பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!"

நூலுக்கு ஆகாதது

கடைசியில் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். பூவேலை, வளைவு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அதிகாரி சொன்ன மூன்றையும் விடாமல், என்னால் முடிந்த குறைந்த செலவில் செய்து கொடுத்தேன். பெயிண்ட் அடிக்க மட்டும் அவர் விடவில்லை. கூரைக்குள்ளே மழையா பெய்கிறது என்று வாயை அடைத்துவிட்டார். நிரந்தரமாகப் பற்றவைக்கவும் விடவில்லை, மிஷின் ஏற்ற வேண்டியிருந்தால் கழற்றணும், போல்ட் போடு என்றார். அதிகாரி வந்தார், பிடித்து ஆட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் பாருங்கள், எங்கள் ஊரில் குறுக்கே ஒரு கம்பி இருந்தால் அதில் நூல் தொங்காமல் இருக்காது. விடாமல் மழை, வெளியே காய வைக்க வழியில்லை. சாயம் தோய்த்த பட்டு நூலைக் கற்றை கற்றையாக அந்த ரெய்லிங்கில் ஈரத்தோடு போட்டுவிட்டார்கள். காலையில் எடுத்தால், கல்யாணப் புடவைக்கான சந்தன நிற நூலில் வரிசையாகத் துருக்கறை. நான் போய்ப் பார்த்தபோது ரெய்லிங்கைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அதில் ஒரு குடை தொங்கியது. என் செலவிலேயே பெயிண்ட் அடித்து மாட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நூலுக்கே ஆகாத கம்பி மனுசனுக்கு எதுக்கு மேஸ்திரி? மொதல்ல என் கண்ணுல படாம எடுத்துகினு போ."

மேரி கேட்ட கேள்வி

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. என்றைக்காவது மாட்டுவார் என்ற நப்பாசை. தீபாவளி ஆர்டர் நெருக்கிய சமயத்தில் மேரி பரணிலிருந்து விழுந்துவிட்டார் என்று தனபாலின் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்து சொன்னார். சிக்கெடுத்துக்கொண்டே பின்னால் நடந்திருக்கிறார். அவர் முதல் நாளே சொன்னது போலத்தான், ஒரு அடிகூட மாறாமல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தனபால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டலாம் என்று போன நான் அவரைத் தாண்டி வார்டுக்குப் போனேன். உள்ளே மேரிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி ஏணி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூல் சுற்றித்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். என்னைப் பார்த்ததும் அழுவார் என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். அவர் அழவில்லை, முகத்தில் ஒரு கவலை மட்டும் இருந்தது. "விழும்போதுகூட கைய விடலண்ணா. நூல் அறுந்துடுச்சா? நல்ல பட்டுண்ணா அது."

மறுநாள் விடிந்ததும் தனபால் பெயிண்ட் டப்பாவோடு என் பட்டறை வாசலில் நின்றார். கணக்குப் பார்த்தால், இந்த ஊரில் நான் மாட்டிய ரெய்லிங்குகளில் முக்கால்வாசி யாராவது விழுந்த மறுநாள் மாட்டியவைதான்.