நூலுக்கான காற்று

உடல் தன் வெப்பத்தை எப்படிச் சீராக வைத்துக்கொள்கிறது என்ற பாடத்துக்குக் கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்த உதாரணங்கள் துருவக்கரடியும் ஒட்டகமும். ஒட்டகம் வியர்வையை மிச்சப்படுத்தும் விதத்தைப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினோம். எழுதும்போதே மதிலுக்கு அந்தப்பக்கம் மில் சங்கு ஊதும். அந்த மில்லுக்குள் நின்று வியர்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. கோயமுத்தூரில் ஒட்டகத்தைப் படித்தவர்களுக்கு முழு மார்க் கிடைத்தது.

வியர்த்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக் கூலிக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். நான் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதை அன்றும் மறைத்ததில்லை, இன்றும் மறைப்பதில்லை. அக்கா கணபதிப் பக்கம் ஒரு மில்லில் நூற்புப் பிரிவில் பயிற்சிக்கு இருந்தாள். தொண்ணூறுகளின் நடுவே ஒரு கோடையில் அவளைப் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் கிடந்தாள். அதே கோடையில்தான் வேலை நேரத்தில் மயங்கி விழவும் ஆரம்பித்தாள். இப்படியே விழுந்துகொண்டிருந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

விடுமுறையில் நானும் அதே பிரிவில், அதே ஷிப்ட்டில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிக் கூடையில் போடும் வேலை. ஆகவே அவள் ஏன் விழுகிறாள் என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். காலையில் சாப்பிடாமல் பவுடர் பூசிக்கொண்டு வந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும் என்றார் மேஸ்திரி. கண்பட்டிருக்கும் என்றாள் பக்கத்து மெஷின்காரி. உடம்புச் சூடு என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. எனவே அக்கா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள், வெந்தயம் விழுங்கினாள், வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். மறுபடி விழுந்தாள்.

அந்தக் கூடத்தில் நின்றவர்களுக்குக் காரணம் தெரிய ஒட்டகம் தேவையில்லை. காற்று காய்ந்தால் பஞ்சு முறுகி நூல் அறும். ஆகவே சன்னல்களை அடைத்துவிட்டு, மேலே ஓடும் பெரிய குழாய்கள் வழியாக ஈரக்காற்றை இறக்கிக்கொண்டே இருப்பார்கள். உடம்பு தன் சூட்டை இறக்க வியர்வையை வெளியே விடுகிறது. அது காயும்போதுதான் தோல் குளிரும். ஏற்கெனவே நீரைக் குடித்து நிறைந்த காற்றில் வியர்வை காயாது, ஒழுகும். ஒழுகும் வியர்வையால் சேலை நனையுமே தவிர சூடு குறையாது. உடம்பு விடாது, இன்னும் வியர்க்கும், இன்னும் அதிக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். நாளெல்லாம் நின்றே வேலை செய்பவளுக்கு மிச்ச ரத்தம் காலில் தேங்கும். தலைக்குப் போவது குறைந்தால் விழுவாள். விழுந்து படுத்தால் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்து நினைவு திரும்பும். அந்தக் கூடத்தில் அக்காவைக் கவனித்துக்கொண்டது அவள் உடம்பு ஒன்றுதான்.

மில்லுக்கு வாரம் ஒருமுறை ஒரு டாக்டர் வருவார். அக்காவோடு நானும் உள்ளே போனேன். அவர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், பலவீனம் என்றார், டானிக் எழுதினார். மறுபடி விழுந்தால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எழுத வேண்டியிருக்கும் என்று காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அங்க வேர்வை காயறதே இல்லைங்க," என்றேன். "காயாத வேர்வைல உடம்பு எப்படிங்க குளுரும்?"

அப்போதுதான் நிமிர்ந்தார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"நல்லது கண்ணு. அதையெல்லாம் பரிச்சைல எழுது."

அந்த டானிக்கின் நெடி அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மூடியோடு நிறுத்திவிட்டாள்.

நான் மேஸ்திரியிடம் போனேன். கூடத்தின் நடுத்தூணில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலிருந்து நீர் காயக் காய அதன் அளவு இறங்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் இறங்காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டிக்கொண்டிருந்தன. ஈரத்துணியே குளிராத இடத்தில் ஈரச்சேலை கட்டியவள் எப்படிக் குளிர்வாள் என்று அதைக் காட்டிக் கேட்டேன். இவ்வளவு எளிதான விஷயத்தை இவ்வளவு தெளிவாக அவருக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அது நூலுக்கு மாட்டுனது அம்மணி," என்றார் மேஸ்திரி. "உனக்கு மாட்டல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று இரவு அறையில் பாய் விரித்துக்கொண்டே அக்கா சொன்னாள்.

"எனக்குப் பெர்மனென்ட் ஆகோணும். உனக்குச் செயிக்கோணும். அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு வாய வெச்சுட்டுச் சும்மா இரு."

சும்மாதான் இருந்தேன். ஆனால் அவள் மெஷின் பக்கம் என் கூடையை அடிக்கடி நகர்த்திக்கொண்டு போய் அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

அதற்குப் பிறகு கோடை மழை பிடித்தது. வெளிக்காற்றே ஈரமாக இருந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் குழாயில் வழக்கம்போல ஈரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நூல் ரோலர்களில் ஒட்டிச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தது. வரிசையாக மெஷின்கள் நின்றன. அக்கா விழுந்தபோதெல்லாம் எட்டிப் பார்க்காத மேனேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் ஓடிவந்தார். பின்னாலேயே ஃபிட்டர் வந்தார். தூணில் தொங்கிய வெப்பமானிகளைக் கண்ணாடி போட்டு ஒருவர், கண்ணாடியைக் கழற்றி ஒருவர் என்று மாறி மாறிப் பார்த்தார்கள். டீ வருவதற்குள் ஈரத்தைக் குறைத்தார்கள். கூடத்தின் ஈரச்சூடு வெளியேறச் சன்னல்களைக்கூடத் திறந்துவிட்டார்கள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அக்காவின் ஜாக்கெட் முதுகு காய்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த மழை வாரம் முழுக்க அவள் விழவில்லை. அந்த வாரத்தில்தான் பெர்மனென்ட் ஆக்குவதற்கான மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. டாக்டர் மறுபடி அவள் இமையை இழுத்தார். மேனேஜரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"டானிக் வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா?"

நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க, நல்லா வேலை செஞ்சுதுங்க," என்று அவள் டாக்டரைக் கும்பிட்டாள். பெர்மனென்ட் ஆனாள்.

மழை நின்றதும் சன்னல்கள் மூடின. ஈரம் பழைய அளவுக்கு ஏறியது. அக்கா மறுபடி ஒருநாள் விழுந்தாள். இந்த முறை யாரும் டாக்டரைத் தேடவில்லை, ஊருக்கு அனுப்புவோம் என்று மிரட்டவில்லை. மேஸ்திரியே சோடா வாங்கிவரச் சொன்னார். வேலை நிரந்தரமானதும் அவளுடைய பலவீனம் அவர்கள் கணக்கில் தீர்ந்துபோயிருந்தது. காற்றாடிக்குக் கீழே அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு, எழுந்து, சேலையைப் பிழிந்துவிட்டு, அவள் தன் மெஷினுக்குப் போனாள்.