சுக்கானும் என் அரைஞாணும்

சிரிக்காமல் படியுங்கள். இலங்கையில் பதுளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை குளத்தில் ஓட்டும் சிறு பாய்ப்படகுக்கு நான்தான் காவல். படகைத் திருப்பும் சுக்கானை மாட்டும் ஆணியை இரண்டு தடவை தண்ணீரில் தவறவிட்டேன்.

"இன்னொன்னு தண்ணியில போட்டா நீ தோட்டத்துல மம்பட்டி புடிக்கத்தான் போகணும்" என்றார் துரை.

அரைஞாணில் கட்டிய பெட்டிச் சாவி ஒருநாளும் தொலைந்ததில்லையே! ஆணியையும் சுக்கானையும் கயிறு போட்டு அதிலேயே கட்டினேன்.

அன்று துரையோடு படகில் போனபோது நடுக்குளத்தில் காற்று அடித்ததும் சுக்கான் கழன்று விழுந்தது. கூடவே நானும் விழுந்தேன். துரை என் குடுமியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆணி இருக்கா?"

"இருக்குங்க தொரை. வேட்டிதான் போயிருச்சு."

கரையில் துரையின் மனைவி துரைசாணி தேநீர் குடித்துவிட்டுப் போகும்வரை கழுத்தளவு தண்ணீரில் நின்றேன்.

இப்போது ஆணியையும் சுக்கானையும் படகு வளையத்திலேயே கட்டுகிறேன். அரைஞாணில் வேட்டியை முடிந்துகொள்கிறேன்.