டி.வி.க்குள்ளிருந்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் காக்கா

டப்பிங் தொழிலில் வாய் ஒருத்தருடையது, அதுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிற வயிறு இன்னொருத்தருடையது. ராயபுரத்துக்காரனான நான் வயிற்றுக்காரன். ஒரு வெளிநாட்டு கார்ட்டூன் காமெடியில் காக்காவுக்குத் தமிழ்க் குரல் நான்தான். தான் ஒரு கார்ட்டூன் என்று அந்தக் காக்காவுக்கே தெரியும். பாதிக் கதையில் நம் பக்கம் திரும்பி, கதை எழுதியவனைத் திட்டும். மேலதிகாரியைத் திட்ட முடியாமல் தினமும் வேலைக்குப் போய் வருகிற சக பாவிகளே, எனக்கு அதன்மேல் எவ்வளவு ஆசை இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

முதல் நாள்

காக்கா மாடியிலிருந்து குதித்து, அந்தரத்தில் நின்று, நம்மைப் பார்க்கிறது. "இன்னாய்யா இது, போன வாரமும் இதே மாடி, இதே குதி. எழுதறவனுக்கு வேற வேலையே கெடையாதா?" என்று மனசார எடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த ஜாபர் பாய் பட்டென்று நிறுத்திவிட்டார். வசனமே இதுதான் பாய் என்று பேப்பரைத் தூக்கிக் காட்டினேன். மனுஷன் நம்பவில்லை.

"தோஸ்து, உன் கஷ்டத்த டீக்கடையில சொல்லு, மைக்குல வாணாம்."

நல்ல தமிழ்

சேனலுக்குப் புதிதாக வந்த மேடம், காக்காவின் மெட்ராஸ் பாஷையைக் கேட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார். நல்ல தமிழில் பேசிப் பார்த்தேன். காக்கா வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி இருந்தது. வேறொரு தம்பியைக் கூட்டி வந்துவிட்டார்கள். மேடம் மட்டும் ரொம்ப அன்பாகப் பேசினார்.

"வருத்தப்படாதீங்க சார், அடுத்த சீசன்ல ஒரு திருடன் வர்றான். அவனுக்கு உங்களைத்தான் நினைச்சிருக்கோம்."

பக்கத்து வூடு

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, சோற்றுத் தட்டோடு காக்காவைப் பார்ப்பது பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் வழக்கம். அது என் குரல் என்று அவங்களுக்குத் தெரியாது. வேலை போனதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டாங்க.

"நம்ம காக்காக்கு இன்னா ஆச்சு நைனா? மாமியார் வூட்டுக்கு வந்த புது மாப்ள மாதிரி பேசிக்கினு கீது."

பொண்டாட்டி கண்டுபிடித்தாள்

கதை எழுதுகிற வெளிநாட்டுக்காரன் குசும்பு புடிச்சவன். ஒரு கதையில் காக்கா வேறு குரலோடு வூட்டுக்கு வருகிறது. நீ என் புருஷனே இல்லை என்று பொண்டாட்டி கதவைச் சாத்துகிறாள். கடைசியில் பழைய குரல் திரும்பி வர வேண்டும். அந்தத் தம்பி ரெண்டு விதமாகப் பேசியும் ஒரே மாதிரி இருந்ததாம். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள்.

"இத்தினி நாளா எவனோ என் வாயில குந்திக்கினு பேசிக்கினு இருந்தான். அது நான் இல்ல." வசனமே அதுதான். பேப்பரைப் பார்க்காமலே சொல்லி முடித்தேன். தம்பியுடையது போலிக் குரல் என்று காக்காவே ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு, மேடம் அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவார்? வேலை எனக்கே வந்தது. இந்த முறை ஏன் நிறுத்தவில்லை என்று ஜாபர் பாயிடம் கேட்டேன்.

"இப்பத்தான் நெசமாவே உன் கஷ்டத்த சொன்னே, அதான் வுட்டுட்டேன்."

நான் கேட்க வேண்டிய நியாயத்தை யாரோ வரைந்த காக்கா கேட்டு வாங்கித் தந்தது என்றால், எங்கள் ரெண்டு பேரில் எவன் கார்ட்டூன் என்று நீங்களே சொல்லுங்கள்.